பொதுக் கரையில் சிறு படகு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எவ்வளவு ஆர்வமாகப் படகு ஓட்டுபவராக இருந்தாலும் வாரத்தில் சில மணி நேரம்தான் தண்ணீரில் இருக்கிறார். மீதி நேரமெல்லாம் அவருடைய படகு கரையில் கிடக்கிறது. அந்தக் கரை ஒரு குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் பொதுவானது என்றால், நாம் படகை எப்படி ஓட்டுகிறோம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. எப்படி வைத்திருக்கிறோம் என்பதை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். படகை வைத்து அண்டை வீட்டாருக்குள் எழுந்த மனக்கசப்புகளில் நான் அறிந்தவை எல்லாம் கரையில் தொடங்கியவைதான். ஆகவே படகை வைக்கக் கற்றுக்கொள்வதை ஓட்டக் கற்றுக்கொள்வதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒருவரோ இருவரோ தூக்கக்கூடிய சிறு படகுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்: கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் குறுகிய படகு), கனோ (ஒருமுனைத் துடுப்பால் ஓட்டும் திறந்த படகு), துடுப்புப் படகு, சிறிய பாய்மரப் படகு, நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை. ஏரி, ஆறு, காயல், கடல் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். வேறுபாடு வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் இடம், பிறகு படகு

பலர் படகை வாங்கிக் கரைக்குக் கொண்டு வந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் குடியிருப்போர் சங்கத்திடம் சென்று, கரை யாருடையது என்று கேளுங்கள். கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் இதுதான் முதல் கேள்வி. பல நாடுகளில் கடலோரத்தில் உயர்நீர் மட்டத்துக்குக் கீழே உள்ள நிலம் அரசுக்குச் சொந்தமானது. சங்கத்தின் உரிமை அந்தக் கோட்டோடு நின்றுவிடும். ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் வேறொரு துறையின் பொறுப்பில் இருக்கக்கூடும். அப்படியானால் சங்கம் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தத் துறையின் அனுமதியும் வேண்டும்.

அடுத்து விதிகளைக் கேளுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை படகுகள், எவ்வளவு நீளம் வரை, வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் இடம் உண்டா, காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமா, புயலிலோ வெள்ளத்திலோ படகு சேதமானால் யார் பொறுப்பு, உங்கள் படகு அடித்துச் செல்லப்பட்டு இன்னொருவர் படகில் மோதினால் யார் பொறுப்பு. பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அங்கே ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு சொல்லுவார். அவர் மனம் நல்லதுதான், ஆனால் அந்த ஓரத்தைக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அடுத்த ஆண்டு நிர்வாகக் குழு மாறியதும் அந்த வாய்மொழி செல்லாது.

இடம் உறுதியான பிறகு அளவெடுங்கள். ஒருவர் ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகள் பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர் நீளமும் 20 முதல் 30 கிலோ எடையும் இருக்கும். சிறுவர்கள் பாய்மரம் கற்கும் ஆப்டிமிஸ்ட் படகு 2.36 மீட்டர் நீளம், உடல் மட்டும் 35 கிலோ. பெரியவர்கள் தனியாக ஓட்டும் லேசர் வகைப் படகு 4.23 மீட்டர், உடல் 59 கிலோ. காகிதத்தில் பார்க்கும்போது 59 கிலோ பெரிதாகத் தெரியாது. வெயிலில் இரண்டு மணி நேரம் படகோட்டிக் களைத்து வந்து, ஈர மணலில் அதை மேட்டுக்கு ஏற்றும்போது தெரியும்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு படகுகளுக்கு நடுவில் தயங்கினால் எடை குறைந்ததை வாங்குங்கள், வசதிகள் சில குறைந்தாலும் பரவாயில்லை. தூக்க முடிந்த படகைத் தூக்கிச் செல்வோம். தூக்க முடியாததை இழுத்துச் செல்வோம். இழுக்கப்படும் படகு தன் அடிப்பாகத்தையும் தேய்க்கிறது, கரையையும் சிதைக்கிறது, நாளடைவில் நீரின் விளிம்பிலேயே விடப்படுகிறது.

கரை சொல்வதைக் கவனியுங்கள்

படகு வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பதற்கு முன் கரையோடு ஒரு நடை நடந்து பாருங்கள். காய்ந்த பாசி, சுள்ளி, சிப்பி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் நீருக்கு இணையாக ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். அது அண்மையில் நீர் எட்டிய எல்லை. அதற்கு மேலே, சற்று மங்கலாக, வெளுத்த சுள்ளிகளோடு இன்னொரு கோடு தென்படலாம். அது பழைய பெருநீர் வந்து போன தடம். உங்கள் படகு அந்த மேல் கோட்டுக்கும் மேலே இருக்க வேண்டும்.

கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரேற்றம் மிகும் என்பது தெரிந்ததே. அதே நாளில் கரையை நோக்கி வன்காற்றும் சேர்ந்தால், வழக்கமான எல்லையை நீர் எளிதில் தாண்டிவிடும். ஆற்றில் கோடுகளைத் தரையில் தேடுவதைவிட மரங்களில் தேடுங்கள்: அடிமரத்தில் சேற்றுக் கறை எவ்வளவு உயரம், எந்தக் கிளையில் வைக்கோலும் குப்பையும் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால் வெள்ளத்தின் உயரம் கிடைத்துவிடும். அணைக்கட்டு உள்ள நீர்த்தேக்கத்தில் இன்னும் கவனம் தேவை. நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழை பெய்யாமலேயே, மேல்பகுதியில் பெய்த மழையால் நீர்மட்டம் ஓர் இரவில் உயரலாம்.

உயரம் சரியாக இருந்தாலும் வைக்கக் கூடாத இடங்கள் உண்டு. நடைபாதை, அவசர ஊர்தி வரும் வழி, மழைநீர் வடிகாலின் வாய், காய்ந்த கிளைகள் தொங்கும் மரத்தடி. பாய்மரப் படகு என்றால் மின்கம்பிகளுக்கு அருகில் கொண்டு செல்லவே வேண்டாம். பாய்மரத் தண்டு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. நிமிர்த்தும்போது கம்பியைத் தொட்டால் உயிர் போகும்.

கரையோரக் கோரையும் நாணலும் சதுப்பு மரங்களும் வெறும் புதர் என்று நினைத்து அவற்றின் மேல் படகைச் சாய்ப்பவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்த வேர்கள்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. கவிழ்த்த படகின் அடியில் வெளிச்சம் போகாது. சில வாரங்களில் புல் வெளுத்துச் சாகும். அடுத்த பெருமழையில் அந்த இடத்து மண் கரைந்து நீருக்குள் போகும். எல்லோரும் ஆளுக்கோர் இடத்தில் படகை இறக்கினால் கரை முழுக்க இப்படித் திட்டுத் திட்டாக உடையும். அதனால் இறங்கு வழி ஒன்றே ஒன்று என்று குடியிருப்பு முழுவதும் முடிவு செய்துகொள்வது நல்லது. சற்றுத் தூரம் நடக்க வேண்டியிருந்தாலும் அந்த வழியையே பயன்படுத்துங்கள்.

மணற்கரையில் கடலாமைகள் முட்டையிட வரும் பருவம் இருந்தால், அந்த மாதங்களில் படகுகள் மணல்மேட்டில் இருக்கவே கூடாது. ஆமை தேடி வருவது நீர் எட்டாத அதே மேட்டைத்தான். இருட்டில் ஏறி வரும் தாய் ஆமைக்கு வரிசையாகக் கிடக்கும் படகுகள் சுவர் போன்றவை. முட்டையிலிருந்து வெளிவந்து கடலை நோக்கி ஓடும் குஞ்சுகளுக்கும் அப்படியே. தரையில் கூடு கட்டும் கரையோரப் பறவைகளுக்காகவும் இதே ஒதுக்கம் தேவை.

தரையில் வேண்டாம், தாங்கியில் வையுங்கள்

தரையில் நேரடியாகக் கிடக்கும் படகுக்குக் கீழே ஈரம் தங்குகிறது, கரையான் ஏறுகிறது, பாம்பு ஒண்டுகிறது. சங்கம் தாங்கிகள் அமைத்திருந்தால் அவற்றில் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேலாவது படகைத் தூக்கி வையுங்கள். தரைக்கும் படகுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும்.

தாங்கும் இடம் முக்கியம். படகின் நீளத்தை நான்காகப் பிரித்து, இரு முனைகளிலிருந்தும் கால் பங்கு உள்ளே தள்ளித் தாங்கல் கொடுப்பது பொதுவாகச் சரியாக இருக்கும். கயாக்கின் உள்ளே குறுக்குத் தடுப்புகள் இருந்தால் அவற்றுக்கு நேர் கீழே தாங்கல் வருவது இன்னும் நல்லது, அங்கேதான் உடல் உறுதியாக இருக்கும். நடுவில் ஒரே தாங்கல் கொடுத்தால் முனைகள் தொங்கும். இரு கடைசி முனைகளில் மட்டும் கொடுத்தால் நடு உடல் தொய்யும். முனைகளில் உள்ள கைப்பிடிகளில் கயிறு கட்டித் தொங்கவிடுவது இரண்டையும்விட மோசம்.

பிளாஸ்டிக் கயாக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் அதிகம் வாங்குவது இவற்றைத்தான். பாலிஎத்திலீன் வெயிலில் இளகும். மெல்லிய இரும்புக் குழாய் இரண்டின் மேல் தட்டையாக வைத்து, பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனால், சில வாரங்களில் குழாய் அழுந்திய இடம் உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். கையால் தடவினாலே தெரியும். அத்தகைய பள்ளம் உள்ள படகு நீரில் நேராக ஓடாது, ஒரு பக்கம் இழுக்கும். லேசான பள்ளம் என்றால் பட்டையைத் தளர்த்திச் சில நாள் இதமான வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானே மீளும், ஆழமானது மீளாது. எனவே கயாக்கை ஒருக்களித்தோ கவிழ்த்தோ வையுங்கள், தாங்கலில் அகலமான பட்டையோ மெத்தென்ற உறையோ இருக்கட்டும், நெடுநாள் வைக்கும்போது கட்டிய பட்டையை லேசாகத் தளர்த்துங்கள்.

அலுமினியப் படகுக்கு வேறு கவலை. பூச்சி அரிக்காமலிருக்கச் செம்புச் சேர்மம் ஏற்றிய மரக்கட்டைகள் தாங்கி செய்ய அதிகம் பயன்படுகின்றன. ஈரம் பட்டால் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். நடுவில் ஒரு ரப்பர்த் துண்டோ கெட்டியான பிளாஸ்டிக் பட்டையோ வைத்தால் போதும். மரப் படகுக்கு ஓயாத வெயிலும் ஆகாது, தேங்கிய மழைநீரும் ஆகாது: வெயிலில் பலகை காய்ந்து இணைப்புகள் பிளக்கும், மழைநீரில் உளுக்கும். ஃபைபர் படகு பொறுமையானது. கூரான கல் உரசாமல் பார்த்துக்கொண்டால் பெரிய தொல்லை கொடுக்காது. காற்றடைக்கும் ரப்பர்ப் படகைக் கரையில் விடவே வேண்டாம், காய வைத்து மடித்து வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

அடுக்குத் தாங்கியில் கனமான படகு கீழே, லேசானது மேலே. வந்த வரிசைப்படி இடம் கொடுக்கும் சங்கங்கள் உண்டு. அது நியாயம் போலத் தெரிந்தாலும், முதுகுவலி உள்ள ஒருவருக்குத் தலைக்கு மேலே உள்ள தட்டு கிடைத்தால் அவர் படகை ஓட்டுவதையே விட்டுவிடுவார். உடல் வலுவுக்கும் படகின் எடைக்கும் ஏற்பப் பிரித்துக்கொள்வதே சரி. கீழ்த்தட்டு உங்களுக்குக் கிடைத்திருந்து, நீங்கள் இளைஞர் என்றால், மாற்றிக்கொள்ள நீங்களே முன்வாருங்கள்.

தேங்கும் நீர்

கரையில் இருக்கும் படகை முதலில் கெடுப்பது மழைநீர். வாய் திறந்து நிமிர்ந்து கிடக்கும் படகில் 2 சதுர மீட்டர் திறப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் 100 லிட்டர் சேரும், அதாவது 100 கிலோ. தாங்கி அதற்காகச் செய்யப்பட்டிருக்காது, படகின் அடிப்பாகமும் அப்படித்தான். கரையில் மிதக்கக் கட்டிய படகாக இருந்தால் அந்த எடையிலேயே அமிழத் தொடங்கும்.

ஆகவே கவிழ்க்க முடிந்ததைக் கவிழ்த்து வையுங்கள். முடியாதென்றால் முன்முனையை ஒரு சாண் உயர்த்தி, பின்பக்க வடிகால் தக்கையைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய தக்கையைச் சட்டைப் பையில் போடாதீர்கள். துடுப்பை வைக்கும் இடத்திலேயோ இருக்கையிலேயோ கண்ணில் படும்படி ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த முறை நீரில் இறக்கும்போது அது முகத்துக்கு நேரே ஆட வேண்டும்.

தார்ப்பாய் போடுபவர்கள் நடுவில் ஒரு முகட்டுக் கம்பு கொடுத்து, நீர் இருபுறமும் வழியும்படி போடுங்கள். முகடு இல்லாத தார்ப்பாய் நடுவில் தொய்ந்து தானே ஒரு குளமாகிவிடும். பாயை படகோடு ஒட்ட இறுக்கிச் சுற்றாமல் ஓரங்களில் காற்றுக்கு வழி விடுங்கள், இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெளிர்நிறப் பாய் நல்லது. கருமை வெப்பத்தை இழுக்கும்.

நீர் தேங்குவதால் வரும் இன்னொரு தொல்லை கொசு. ஏடிஸ் வகைக் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். உங்கள் படகில் தேங்கிய ஒரு குவளை நீர் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்குவைக் கொடுக்கலாம். வாரம் ஒரு முறை எல்லாப் படகுகளையும் யாராவது ஒருவர் பார்த்து வருவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு: நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது, மூடிய இடுக்கில் தங்கிய நீர் படகின் உடலையே பிளந்துவிடும்.

காற்றும் கட்டும்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கவிழ்த்து வைத்த லேசான கயாக் வன்காற்றில் உருளும், பறக்கும், அடுத்தவர் படகையும் சன்னல் கண்ணாடியையும் உடைக்கும். முன்முனை, பின்முனை இரண்டையும் தனித்தனியாகக் கட்டுங்கள். எதில் கட்டுகிறோம் என்பது கயிற்றைவிட முக்கியம்: தரையில் ஊன்றிய, அசையாத ஒன்றில் கட்ட வேண்டும். மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்பு ஆணிகள் இதற்கு நன்றாக உதவும். தாங்கியில் கட்டினால் தாங்கியே தரையில் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். மரத்தில் கட்டினால் கயிறு பட்டையை வளையமாக அறுத்து நாளடைவில் மரத்தைக் கொல்லும். பக்கத்துப் படகில் கட்டுவது கூடவே கூடாது; அவர் தன் படகை எடுக்க வரும்போது உங்கள் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும், திரும்பக் கட்டும் பொறுப்பும் அவர் தலையில் விழும்.

கயிற்றில் பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும், கட்டு தளரும். மலிவான பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும் என்பதால் பலர் விரும்புகிறார்கள், ஆனால் வெயிலில் விரைவில் மக்கிவிடும். இரண்டு விரல்களுக்கு நடுவில் கயிற்றை உருட்டிப் பாருங்கள். நுண்ணிய இழைகள் பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டினால், பார்வைக்கு முழுதாக இருந்தாலும் அதன் வலு போய்விட்டது, அன்றே மாற்றுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கட்டிய கயிற்றை நம்பாதீர்கள். முடிந்தவரை படகை வீட்டுக்கோ உயரமான அடைப்புக்கோ கொண்டு போங்கள். மேல்தட்டுகளில் உள்ளவற்றை எல்லாம் இறக்குங்கள். ஊரில் இல்லாதவர்களின் படகுகளை யார் இறக்குவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பாயை ஏற்றும் கயிறு தளர்வாக இருந்தால், இரவுக் காற்றில் அது அலுமினியத் தண்டில் விடாமல் டக் டக் என்று அடிக்கும். கரையோர வீடுகளில் இருப்பவர்கள் தூங்க முடியாது. அந்தக் கயிற்றைத் தண்டிலிருந்து விலக்கிப் பக்கக் கம்பியோடு சேர்த்து ஒரு சிறு துண்டுக் கயிற்றால் கட்டிவிட்டு வாருங்கள். அரை நிமிட வேலை.

பெயரும் பூட்டும்

படகின் மேல் உங்கள் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண், சங்கம் கொடுத்த இட எண் ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். உட்புறத்திலும் ஒரு முறை எழுதுங்கள். இது வெறும் உரிமைக்காக இல்லை. ஆளில்லாத கயாக் ஒன்று நீரில் மிதந்து போவதைக் கண்டால் மீட்புப் படையினர் யாரோ மூழ்கிவிட்டார்கள் என்றே கருதித் தேடத் தொடங்குவார்கள், தேடவும் வேண்டும். படகில் எண் இருந்தால் ஒரே அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் இதற்கென்றே பெயரும் எண்ணும் எழுதி ஒட்டும் வில்லைகளைப் படகோட்டிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

தொழிற்சாலையில் செய்த படகுகளில், பின்பக்கம் வலது மேல் பகுதியில் ஓர் அடையாள எண் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படகு திருடு போனால் காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான்.

பூட்டும்போது கம்பிவடத்தைக் கைப்பிடிக்குள் நுழைக்காதீர்கள். இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும். மேலே அமர்ந்து ஓட்டும் கயாக்கில் நீர் வடியும் துளைகள் உடலை ஊடுருவிச் செல்கின்றன. வடத்தை அதற்குள் நுழைத்தால் உடலை வெட்டாமல் எடுக்க முடியாது. மற்றவற்றில் இருக்கைச் சட்டம் போன்ற உறுதியான பாகத்தோடு சேருங்கள். திருட்டைவிட எனக்குப் பெரிய அச்சம் குழந்தைகள். பூட்டாத படகு நீரருகில் இருந்தால் சிறுவர்கள் ஒரு நாள் அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள். துடுப்பை ஒளித்து வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். துடுப்பில்லாமல் கரையைவிட்டு விலகிப் போவது இன்னும் ஆபத்தானது. மாற்றுச் சாவி ஒன்று நிர்வாகக் குழுவிடம் இருக்கட்டும். வெள்ளம் ஏறும் இரவில் உங்கள் பூட்டு உங்கள் படகையே மூழ்கடித்துவிடக் கூடாது.

கரையில் விடக் கூடாதவை

உயிர்காப்பு உடை, துடுப்பு, பாய் மூன்றும் வீட்டுக்கு வர வேண்டும். உயிர்காப்பு உடை வெயிலில் வெளுத்து வலுவிழக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், எலிகள் அதைக் கடித்துக் கூடு கட்டும். சிறு மோட்டார் வைத்திருந்தால் அதையும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். பெட்ரோல் கேன் எக்காரணம் கொண்டும் படகில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தார்ப்பாய்க்கு அடியிலும் கவிழ்த்த படகுக்குள்ளும் தங்கும், ஒரு பொறி போதும். லித்தியம் பேட்டரியும் அப்படியே, வெயிலில் காயும் படகுக்குள் அதற்கு இடமில்லை.

வேறு நீரிலிருந்து வந்த படகு

விடுமுறைக்கு வேறோர் ஏரிக்குப் படகைக் கொண்டு போய்விட்டுத் திரும்பியிருக்கிறீர்களா? அதைக் கழுவாமல் உங்கள் கரையில் இறக்காதீர்கள். ஆகாயத்தாமரையின் ஒரு சிறு செடி போதும், பருவம் முடிவதற்குள் நீர்ப்பரப்பை மூடிவிடும். வரிக்குதிரைச் சிப்பி என்ற சிறு நன்னீர்ச் சிப்பி படகுகளோடு பயணம் செய்துதான் ஏரிக்கு ஏரி தாவுகிறது. அதன் இளம் பருவம் கண்ணுக்கே தெரியாது, படகின் அடியில் தங்கிய கொஞ்சம் நீரில் அது உயிரோடு வரும். செய்ய வேண்டியது மூன்று: ஒட்டியிருக்கும் செடி, சேறு எல்லாவற்றையும் அந்த ஏரிக்கரையிலேயே அகற்றுங்கள், நீரை முற்றாக வடியுங்கள், நன்றாகக் காய விடுங்கள். ஐந்து நாளாவது காயட்டும். கயிறு, துடுப்பு, கால்செருப்பு எல்லாமே சேர்த்துத்தான். கழுவும் இடம் நீரைவிட்டு விலகிய புல்தரையாக இருக்கட்டும், கழுவிய நீர் ஏரிக்குள் வழியக் கூடாது.

எடுக்கும்போதும் வைக்கும்போதும்

படகைத் தொடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். இருக்கைக்கு அடியிலும் முனையின் உள்ளேயும் குளவிக்கூடு, தேள், பாம்பு இருக்கக்கூடும். பார்க்காமல் கையை உள்ளே விடாதீர்கள். பிறகு இருவராகத் தூக்குங்கள், ஒருவர் என்றால் இரு சக்கரத் தள்ளுவண்டி. கடல்நீரில் ஓட்டியிருந்தால் நல்ல நீரால் அலசுங்கள், உலோகப் பாகங்களில் உப்பு தங்கக் கூடாது. வைத்துக் கட்டிய பின் ஐந்தடி பின்னால் வந்து ஒரு முறை பாருங்கள்: முனை பாதையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா, கயிறு யார் காலிலாவது தட்டுமா. இருட்டில் நடப்பவருக்கு இந்த இரண்டும்தான் ஆபத்து.

அண்டை வீட்டாரும் யாரும் தேடாத படகுகளும்

உங்கள் இடத்தில் வேறொருவர் படகு கிடந்தால் அதை நீங்களே எடுத்துத் தூரத்தில் போடாதீர்கள். சேதம் ஏற்பட்டால் பழி உங்கள் மேல் வரும். படகில் எண் இருந்தால் முதலில் பேசுங்கள். இல்லையென்றால் மழையில் நனையாத உறையில் ஒரு சீட்டு வைத்துக் கட்டுங்கள்: "வணக்கம். இது 7ஆம் எண் இடம், எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் படகு இங்கே இருக்கிறது. வரும் ஞாயிறு காலைக்குள் எடுத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். தூக்க ஆள் வேண்டுமென்றால் அழையுங்கள், வருகிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த வரிதான் வேலை செய்கிறது. பலர் படகை எடுக்காமல் இருப்பது தூக்க ஆளில்லாததால்தான்.

நெடுநாள் யாரும் தொடாத படகுகள் ஒவ்வொரு பொதுக் கரையிலும் சேர்ந்துவிடுகின்றன. குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள், குடும்பம் வீடு மாறியிருக்கும், படகு மட்டும் புல் முளைத்துக் கிடக்கும். காத்திருப்போர் பட்டியலில் பத்துப் பேர் இருக்க, செத்த படகுகள் இடத்தை அடைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீரில் இறங்காத படகு கரையில் இருக்கக் கூடாது. ஆனால் அதை அகற்றும் முறை தெளிவாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாளைக் குறித்து, எல்லோரும் தங்கள் படகைத் தாங்கியிலிருந்து எடுத்துப் புதிய அடையாள வில்லை ஒட்டித் திரும்ப வைக்கட்டும். அன்று யாரும் தொடாத படகில் தேதி எழுதிய சீட்டைக் கட்டுங்கள். படம் எடுங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பதிவேட்டில் உள்ள முகவரிக்குக் கடிதம் அனுப்புங்கள். விதியில் சொன்ன காலம் வரை காத்திருங்கள். அதன் பிறகே குழுவின் தீர்மானத்தோடு அகற்ற வேண்டும். கைவிட்ட படகை விற்பதற்கும் அழிப்பதற்கும் பல இடங்களில் சட்ட நடைமுறை உண்டு, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தனி ஒருவர் தானாக இதில் இறங்கக் கூடாது.

அதே நாளில் ஒருவருடைய படகைப் பலர் பகிர்ந்துகொள்வதைப் பற்றியும் பேசிப் பாருங்கள். ஒரே மாதிரியான ஆறு கயாக்குகள் ஆறு வீட்டுக்கும் தேவையில்லை, இரண்டு போதும். முன்பதிவு ஏடு ஒன்றும், யார் எதைப் பழுது பார்ப்பது என்ற ஒப்பந்தம் ஒன்றும் எழுதிக்கொண்டால் இடப் பற்றாக்குறை பாதி தீர்ந்துவிடும்.

வீடு மாறும்போது வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. படகை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள் அல்லது விற்றுவிடுங்கள். வாங்கியவருக்கு அந்த இடம் தானாகப் போய்ச் சேராது, அவர் பட்டியலில் காத்திருக்க வேண்டும் என்பதை விற்கும்போதே சொல்லுங்கள். தரையில் திருகிய ஆணிகளைக் கழற்றுங்கள், புல்லுக்குள் மறைந்த ஆணி வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்குக் காத்திருக்கும். இடத்தைக் காலி செய்ததை எழுத்தில் சங்கத்துக்குத் தெரிவித்து, மாற்றுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற படகிலிருந்து உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழித்துவிட்டு, புதியவர் தன்னுடையதை எழுதும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.